உறைக்கும் சேர்த்துக் காசு

1839 வரை லண்டன் தபால் நிலையத்தில் கடிதத்துக்குக் கட்டணம் போடும் குமாஸ்தாவுக்குத் தராசைவிட வெளிச்சம்தான் முக்கியம். வந்து விழுந்த கடிதத்தை எடுத்து விளக்குக்கோ மெழுகுவத்திக்கோ எதிரே பிடிப்பார். உள்ளே ஒரே தாளா, இரண்டா என்று உற்றுப் பார்ப்பார். ஒரு தாளென்றால் ஒரு கட்டணம், இரண்டென்றால் இரட்டிப்பு, மூன்றென்றால் மும்மடங்கு. கடிதத்துக்குள் ஒரு துண்டுச் சீட்டை மடித்து வைத்திருந்தாலும் அது தனித் தாளாகவே எண்ணப்படும். எடை பற்றிய பேச்சு ஓர் அவுன்ஸை எட்டிய பிறகுதான் எழும். எட்டிவிட்டால் நாலு மடங்கு.

அப்படியானால் உறை? அதுவும் ஒரு தாள்தான். ஒரே பக்கம் எழுதி அதை நாகரிகமாக ஓர் உறையில் போட்டு ஒட்டினால் இரண்டு தாளுக்கான காசு. யார் போடுவார்கள்? எழுதிய தாளையே மடித்து, மடிப்பின் வெளிப்பக்கத்தில் முகவரி எழுதி, அரக்கு வைத்து அனுப்பினார்கள். அந்தக் காலத்துக் கடிதங்களைப் படத்தில் பார்க்கிறவர்கள் உறை எங்கே என்று கேட்பதுண்டு. உறை அன்று வசதியுள்ளவர்களின் ஆடம்பரம். அல்லது, தபாலுக்குக் காசே கட்டாத நாடாளுமன்ற உறுப்பினர்களின் சலுகை.

இந்தத் தாள் கணக்கின் மேல் தூரக் கணக்கும் ஏறும். 1812இல் போட்ட பட்டியல்படி 15 மைலுக்குள் 4 பென்ஸ். 80 மைலைத் தாண்டி 120க்குள் 9 பென்ஸ். 230 முதல் 300 மைல் வரை 12 பென்ஸ், அதாவது முழுசாக ஒரு ஷில்லிங். அதற்குமேல் நூறு மைலுக்கு ஒரு பென்னி. லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு தாள் போக 13½ பென்ஸ் ஆகும். அந்த அரைப் பென்னி, ஸ்காட்லாந்துச் சாலைகளில் தபால் வண்டி கட்ட வேண்டியிருந்த சுங்கத்துக்காக வைத்தது. இவ்வளவையும் பெரும்பாலும் பெறுகிறவர்தான் கட்ட வேண்டும். தபால்காரர் வாசலில் நிற்பார், வீட்டுக்காரர் காசு தேடுவார். இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போகும். இன்னாரிடமிருந்து வந்தது, நலமாக இருக்கிறார் என்று வெளிப்புறத்திலேயே தெரிந்துகொண்டு, 'வேண்டாம்' என்று திருப்பித் தந்தவர்களும் உண்டு.

நான் ஆர்.எம்.எஸ்.ஸில் சார்ட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓடும் ரயிலில், மெயில் வேனுக்குள் நின்றுகொண்டு கடிதம் பிரித்த தலைமுறை. நாங்கள் கட்டணம் போடுகிறவர்கள் இல்லை, ஊர் பார்த்து அறையில் போடுகிறவர்கள். ஆனால் ஒரு கடிதம் கைக்கு வந்ததுமே அது எந்த ஜாதி என்று விரலுக்குத் தெரிந்துவிடும். கார்டு விறைப்பாக நிற்கும். இன்லாண்டு வழுக்கும். கவரில் ஏதாவது புடைத்துக்கொண்டிருக்கும். புக் போஸ்ட்டின் மடல் திறந்து அடுத்த கடிதத்தைக் கவ்விக்கொள்ளும். இந்த உருவங்களெல்லாம் எங்கிருந்து வந்தன என்று ஓய்வுக்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். தபால் இலாகா எப்போதும் தன் ஊழியன் கையில் இருக்கும் கருவியால் எதை அளக்க முடியுமோ அதற்குத்தான் காசு வாங்கியிருக்கிறது. அந்த அளவிலிருந்து தப்பித்துக்கொள்ள ஜனங்கள் காகிதத்தை மடித்து, சுருக்கி, மெலிதாக்கியிருக்கிறார்கள். கடிதத்தின் உருவம் இந்த இழுபறியில் பிறந்தது.

மெழுகுவத்திக் காலத்து இழுபறியில் விளைந்த வேடிக்கை, குறுக்கெழுத்துக் கடிதம். வார இதழில் வரும் கட்டங்களைச் சொல்லவில்லை. தாளை மேலிருந்து கீழாக எழுதி நிரப்பிவிட்டு, அதையே கால் வட்டம் திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே குறுக்காக இன்னொரு பக்கம் எழுதுவார்கள். பார்க்கக் கம்பி வலை மாதிரி இருக்கும். ஆனால் தாள் ஒன்றுதான், கட்டணமும் ஒன்றுதான். ஜேன் ஆஸ்டினின் 'எம்மா' நாவலில் இப்படி நிரப்பி எழுதப்பட்ட கடிதத்தைப் பற்றிப் பேச்சு வருகிறது. அது 1815 இறுதியில் வெளியான புத்தகம், அன்றைக்கு இது வீட்டுக்கு வீடு இருந்த வழக்கம். கட்டண முறை மாறிய பின்பும் பழக்கம் எளிதில் போகவில்லை. 'ஆலிஸ்' கதை எழுதிய லூயிஸ் கரோல், கடிதம் எழுதும் முறை பற்றி 1890இல் ஒரு சிறு நூல் போட்டார். குறுக்கே எழுதாதீர்கள் என்று அதிலும் புத்தி சொல்ல வேண்டியிருந்தது. தாள் எண்ணுவதை இலாகா விட்டு 50 வருடம் ஆகியிருந்தது அப்போது.

செய்தித்தாளிலும் விளையாடினார்கள். முத்திரைவரி கட்டிய செய்தித்தாள் இங்கிலாந்தில் தபாலில் இலவசமாகப் போகும். அதனால் பழைய செய்தித்தாள் ஒன்றை எடுத்து, வேண்டிய எழுத்துகளின் அடியில் புள்ளி வைத்தோ ஊசியால் குத்தியோ செய்தி அனுப்பினார்கள். பெறுகிறவர் புள்ளி வைத்த எழுத்துகளைக் கூட்டிப் படித்துக்கொள்வார். கடிதத்துக்கு ஒரு ஷில்லிங், செய்தித்தாளுக்கு ஒன்றுமில்லை என்று வைத்தால் வேறென்ன நடக்கும்?

அமெரிக்காக்காரர்கள் இதைத் தொழிலாகவே நடத்தினார்கள். அங்கே 1792ஆம் ஆண்டுச் சட்டப்படி கடிதத்துக்குத் தூரத்தைப் பொறுத்து 6 முதல் 25 சென்ட் வரை. செய்தித்தாளுக்கோ 100 மைல் வரை 1 சென்ட், அதற்குமேல் எங்கே போனாலும் 1½ சென்ட். தாள் எவ்வளவு பெரிது என்று சட்டம் கேட்கவில்லை. கேட்காத இடத்தில் வியாபாரி புகுந்தான். 1839 வாக்கில் 'பிரதர் ஜானதன்', 'நியூ வேர்ல்ட்' என்று பூதாகாரமான வாரப் பத்திரிகைகள் கிளம்பின. விரித்தால் மேசை கொள்ளாது. அதில் ஆங்கில நாவல்களைத் திருடி முழுசாக அச்சடித்தார்கள். டிக்கன்ஸ் அமெரிக்கப் பயணம் பற்றி எழுதிய புத்தகம் 1842இல் வந்ததும், இவர்கள் அதைச் செய்தித்தாள் வடிவில் சில சென்ட்டுக்கு ஊரெங்கும் அனுப்பிவிட்டார்கள். புத்தகமாகக் கட்டியிருந்தால் தபால் செலவே விற்பனையைக் கொன்றிருக்கும். 1843இல் தபால் இலாகா விழித்துக்கொண்டு, இந்தச் சிறப்பிதழ்கள் செய்தித்தாள் இல்லை, துண்டு நூல்கள் என்று சொல்லி அதற்குரிய கட்டணத்தைப் போட்டது. பூதங்கள் வந்த வேகத்திலேயே சுருண்டன.

இனி ரோலண்ட் ஹில். தபால்தலையின் தந்தை என்று பள்ளிப் புத்தகத்தில் வருகிற அதே ஆள். அவர் தபால்காரர் இல்லை. பள்ளிக்கூடம் நடத்திய குடும்பத்திலிருந்து வந்தவர். 1837இல் அவர் வெளியிட்ட சிறு நூலின் உயிர்நாடி தபால்தலை அல்ல, ஒரு கணக்கு. லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைச் சுமந்து செல்ல உண்மையில் எவ்வளவு செலவாகிறது? ஒரு பென்னியில் 36இல் ஒரு பங்கு! 13½ பென்ஸ் வாங்குகிற இடத்தில் சுமைகூலி இவ்வளவுதான். மீதிச் செலவெல்லாம் எங்கே? வெளிச்சத்தில் பிடித்துத் தாள் எண்ணுவது, தூரம் பார்த்துக் கட்டணம் எழுதுவது, ஊர் ஊராகக் கணக்கு வைப்பது, வாசலில் நின்று காசு வசூலிப்பது. கட்டணத்தைக் கண்டுபிடிக்கிற வேலைக்கே செலவு போகிறது என்றார் ஹில். எனவே தூரம் வேண்டாம், தாள் எண்ணிக்கை வேண்டாம், எடை மட்டும் போதும், காசை முன்னாலேயே வாங்கிவிடலாம்.

இலாகா எதிர்த்தது. வெளியாள் வந்து உள்வேலை சொன்னால் எந்த இலாகாதான் வரவேற்கும்? நானும் இலாகா ஆள் என்பதால் அந்த எரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனாலும் வணிகர்களும் பத்திரிகைகளும் ஹில் பக்கம் நிற்க, 1840 ஜனவரி 10 முதல் நாடு முழுக்க அரை அவுன்ஸ் வரை ஒரு பென்னி என்றாயிற்று. அரை அவுன்ஸ் என்பது 14 கிராம். மே மாதம் கறுப்புத் தபால்தலை வந்தது. அதோடு ஓவியர் மல்ரெடி வரைந்த, முன்பணம் கட்டிய உறையும் மடிதாளும் வந்தன. பிரிட்டானியா தேவி உலகத்துக்கெல்லாம் தூதர்களை அனுப்பும் ஆடம்பரப் படம். ஜனங்கள் சிரித்த சிரிப்பில் அதை விரைவிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஹில் பெரிதும் நம்பியது அந்த உறையை, உப்புக்குச் சப்பாணியாக வைத்தது தபால்தலையை. நடந்தது தலைகீழ்.

1839இல் 7.6 கோடியாக இருந்த கடிதங்கள் அடுத்த ஆண்டே ஏறத்தாழ 17 கோடி. எனக்கு அதைவிட ருசியான விஷயம், உறை விடுதலையானது. எடைதான் கணக்கு என்றானதும் உறை தனித் தாள் இல்லை. 14 கிராமுக்குள் அடங்கினால் அதற்கு ஒரு காசும் கூடுதலில்லை. கையால் வெட்டி மடித்துத் தீராத அளவு கிராக்கி. 1845இல் ஹில்லின் அண்ணன் எட்வின் ஹில்லும் வாரன் டி லா ரூவும் உறை மடிக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார்கள். 1851இல் லண்டனில் நடந்த மகா கண்காட்சியில் அது மடிப்பதைக் கூட்டம் கூடி வேடிக்கை பார்த்தது. நாவலில் யார் யாரோ இரகசியக் கடிதத்தை உறையிலிட்டு ஒட்டுகிறார்களே, அந்த இரகசியம் ஏழை எளியவர்களுக்கும் கிடைத்தது ஒரு கட்டண விதி மாறியதால்.

நம் பக்கம் வருவோம். இங்கே பொதுமக்களும் காசு கொடுத்துத் தபால் அனுப்பலாம் என்று 1774இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் ஏற்பாடு செய்தபோது 100 மைலுக்கு 2 அணா. பாட்னாவில் அதற்கென்று 2 அணா செப்புச் சீட்டே அடித்தார்கள். சென்னையில் பொதுத் தபால் நிலையம் 1786இல் திறந்தது. இங்கிலாந்தில் தாள் எண்ணிக்கொண்டிருந்த 1837இலேயே கிழக்கிந்தியக் கம்பெனி அரசின் தபால் சட்டம் எடையை அளந்தது. அளவு தோலா. ஆனால் தூரத்தை விடவில்லை. கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்குத் தோலாவுக்கு ஒரு ரூபாய், ஆக்ராவுக்கு 12 அணா. ஒரு ரூபாய் என்பது அன்று ஒரு குடும்பத்துக்குச் சின்னக் காசில்லை. கடிதம் கம்பெனி அதிகாரிக்கும் வணிகனுக்கும்தான்.

1854 அக்டோபர் 1ஆம் தேதி தூரம் ஒழிந்தது. டல்ஹௌசி காலத்துச் சட்டம். இந்தியாவுக்குள் எங்கே போனாலும் கால் தோலாவுக்கு அரை அணா, அரைத் தோலாவுக்கு ஓர் அணா, ஒரு தோலாவுக்கு 2 அணா. பம்பாய்க்கு 16 அணா கொடுத்தவர் இனி அதே தோலாவுக்கு 2 அணா கொடுத்தால் போதும். நீல அரை அணா, சிவப்பு ஓர் அணா, பச்சை 2 அணாத் தபால்தலைகள் வந்தன. தபால்தலை ஒட்டாமல் போட்டால் பெறுகிறவரிடம் இரட்டிப்பு. எங்கள் காலத்திலும் அது அப்படியேதான் இருந்தது, பேரிங் தபால் என்போம்.

இந்தக் கால் தோலாவைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒரு தோலா 11.66 கிராம், அன்றைய வெள்ளி ரூபாயின் எடை. அப்படியென்றால் கால் தோலா என்பது ஒரு வெள்ளி நாலணாக் காசின் எடை. வீட்டில் ஒரு சின்னத் தராசு இருந்தால் நாலணாவை ஒரு தட்டில் வைத்து, கடிதத்தை மறு தட்டில் வைத்து, அரை அணா போதுமா என்று பார்த்துவிடலாம். கிராமில் சொன்னால் 2.9. இன்று ஜெராக்ஸ் கடையில் வாங்குகிற 70 கிராம் ஏ4 தாள் ஒன்றை வைத்துக் கணக்குப் போட்டேன், 4.37 கிராம் வருகிறது. இன்றைய வெறும் தாளே, மை கூடப் படாமல், அரை அணாத் தபாலில் ஏறாது. உறையோடு சேர்த்தால் சொல்லவே வேண்டாம். ஆக விதி 'மலிவு' என்று சொன்னாலும் அது மெலிந்த, சின்னத் தாளுக்குத்தான் மலிவு. 1869இல் அரை அணாவுக்கு அரைத் தோலா என்று தளர்த்திய பிறகுதான் எழுதுகிறவன் தாராளமாக மூச்சுவிட முடிந்தது. அந்த அரை அணா 1907இல் ஒரு முழுத் தோலாவையே சுமந்தது.

இந்தியாவுக்கு உண்மையான மலிவு வந்தது 1879 ஜூலை 1ஆம் தேதி, கார்டு உருவத்தில். ஆஸ்திரியாவில் எமானுவேல் ஹெர்மான் என்ற பொருளாதாரப் பேராசிரியர் சொல்லி 1869இல் முதல் அஞ்சலட்டை வெளியானது. நீளமாக எழுதத் தேவையில்லாத சேதிகளுக்கு எதற்கு உறை, எதற்கு மடிப்பு, எதற்குத் தராசு என்பது அவர் வாதம். எல்லா அட்டையும் ஒரே அளவு, ஒரே கனம் என்றால் யாரும் எதையும் அளக்க வேண்டாம். பத்தாண்டுக்குள் அது இங்கே காலணாவுக்கு வந்தது. 'காலணா கார்டு' என்ற பேர் அணா போன பிறகும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வாயில் இருந்தது. கல்யாணம் என்றால் நாலு மூலையிலும் மஞ்சள், சாவு என்றால் கறுப்பு மை. தபால்காரர் தெருமுனையில் வரும்போதே கையிலிருக்கும் கார்டின் மூலையைப் பார்த்து அழுகை கிளம்பிய வீடுகள் உண்டு. இதற்கெல்லாம் இலாகா கூடுதல் காசு கேட்டதில்லை.

அளவு மட்டும் கறார். நாடுகளுக்கிடையே போகும் அட்டை 14க்கு 9 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 1878 பாரீஸ் மாநாட்டில் சர்வதேசத் தபால் ஒன்றியம் வரையறுத்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே இந்தியா அந்த ஒன்றியத்தில் உறுப்பினர். விசித்திரம் என்னவென்றால், அன்று உச்சவரம்பாக வைத்த 14க்கு 9 இன்று ஒன்றியத்தின் விதியில் கீழ்வரம்பு. கடிதமோ அட்டையோ அதற்குச் சிறிதாக இருக்கக் கூடாது. கை போய் இயந்திரம் வந்ததும், பெரிதைப் பார்த்துப் பயந்த விதி சிறிதைப் பார்த்துப் பயப்பட ஆரம்பித்தது.

கார்டில் ஒரே குறை, ஊரே படிக்கும். அதற்கு மாற்றாக 1950 அக்டோபர் 2ஆம் தேதி இன்லாண்டு லெட்டர் வந்தது. அதை மேசையில் விரித்து வைத்துப் பாருங்கள். ஒரே தாள். எழுதியதும் மடித்து ஒட்ட வேண்டும். வெளிப்பக்கமே முகவரி. உள்ளே எதையும் வைக்கக் கூடாது, வைத்தால் கவருக்கான கட்டணம். 1839இல் லண்டன் குமாஸ்தா வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாரே, அச்சு அசல் அந்தக் கடிதம்! நூறு வருடம் கழித்து மெழுகுவத்தி விதி நம் ஊருக்குத் திரும்பி வந்திருக்கிறது, இந்த முறை ஏழையின் பக்கம் நின்றுகொண்டு. ஜனங்களும் அதே வித்தையைத்தான் காட்டினார்கள். மடிப்பு ஓரம், ஒட்டும் மடல், அனுப்புநர் கட்டத்தின் பக்கத்து இடுக்கு என்று ஓர் எறும்பு ஊர இடமில்லாமல் எழுதுவார்கள். பிரிக்கும்போது ஓரத்தில் எழுதிய கடைசி வரி கிழிந்து போகும். பெரும்பாலும் அதில்தான் பணம் அனுப்பச் சொல்லி இருக்கும்.

சிங்கப்பூரிலிருந்தும் மலேயாவிலிருந்தும் பிறகு வளைகுடாவிலிருந்தும் வந்த நீல ஏரோகிராம் இதன் தம்பி. விமானத்தில் ஒவ்வொரு கிராமுக்கும் விலை. அதனால் சிகரெட் தாளுக்கு அண்ணனான ஒரு காகிதத்தை மடித்து, உலகமெங்கும் ஒரே கட்டணம் என்றார்கள். அதிலும் உள்ளே எதுவும் கூடாது. ஆனாலும் குழந்தையின் போட்டோவை உள்ளே வைத்து ஒட்டுவார்கள். எங்கள் விரலுக்குத் தெரியும். பல சார்ட்டர்களுக்கு அந்த விரல் மரத்துப் போனதும் உண்டு, அதை நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

உருவமும் எடையும் ஒன்றாகவே இருக்க, எழுதியிருப்பதை வைத்து விலை போட்ட கதையும் இங்கே உண்டு. ஒரு காலத்தில் கவுண்டரில் நாலு வகைக் கார்டு இருந்தது. சாதாரணக் கார்டு 50 பைசா. முகவரிப் பக்கத்தில் விளம்பரம் அச்சான மேகதூத் கார்டு 25 பைசா, 2002இல் வந்தது. அச்சடித்த சேதி போகும் கார்டு 6 ரூபாய். தொலைக்காட்சிப் போட்டிக்கு விடை எழுதிப் போடும் கார்டு 10 ரூபாய். கோணி கோணியாக விடைக் கார்டுகள் குவிந்து, சானல்காரர்கள் லாபம் பார்க்க, தூக்கிச் சுமக்கிறவன் 50 பைசாவில் சுமந்துகொண்டிருந்தான். போட்டிக் கார்டுக்கு வைத்த விலை நியாயம் என்றே நினைக்கிறேன்.

புக் போஸ்ட் இன்னொரு தனிச் சட்டமாக இருந்தது. மூடாமல், பிரித்துப் பார்க்க ஏதுவாக அனுப்பினால் குறைந்த கட்டணம். கல்யாணப் பத்திரிகைகள் மடலை உள்ளே செருகிக்கொண்டு வந்தது அதனால்தான். பத்திரிகைகளுக்கு அதிலும் மலிவு இருந்தது. பதிவு பெற்ற செய்தித்தாளென்றால் 50 கிராம் வரை 25 பைசாதான் வாங்கினார்கள். ஆனால் 1898ஆம் ஆண்டுத் தபால் சட்டம் ஒரு நிபந்தனை வைத்தது: இரண்டு இதழ்களுக்கு நடுவே 31 நாளுக்கு மேல் இடைவெளி கூடாது. நம் சிற்றிதழ்க்காரர்களில் எத்தனை பேரால் மாதம் தவறாமல் கொண்டுவர முடிந்தது? காலாண்டிதழ் என்று போட்டுக்கொண்டவர்களுக்கு இந்தச் சலுகை கிடைக்கவில்லை. பேப்பர் விலைக்கும் அச்சுக்கூலிக்கும் அடுத்தபடி அவர்களைத் தின்றது தபால் செலவு. நவீனத் தமிழ் இலக்கியத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் தபால் கையேட்டையும் ஒருமுறை புரட்டலாம்.

இயந்திரம் வந்ததும் தராசின் அதிகாரமும் ஆட்டங்கண்டது. 1972 ஆகஸ்ட் 15ஆம் தேதி பின்கோடு வந்தபோதே அதற்கு வழி போட்டாகிவிட்டது. பம்பாயில் 1993இலும் சென்னையில் 1996இலும் தானியங்கிப் பிரிப்பு மையங்கள் வந்தன. கையால் பிரிக்கும்போது ஒரு கடிதம் புடைத்திருந்தாலும் வளைந்திருந்தாலும் அறையில் திணித்துவிடலாம். இயந்திரத்தில் கடிதங்கள் நின்றபடி ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. குண்டூசி, கிளிப், நூல்கட்டு, உள்ளே ஒரு சாவி, எது இருந்தாலும் சிக்கிக் கிழியும், பின்னால் வருவதும் கிழியும். அதை எடுத்துத் தனியே கையால் பிரிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளின் சம்பளத்தை யார் தருவது என்பதுதான் கேள்வி.

பிரிட்டன் 2006 ஆகஸ்ட் 21ஆம் தேதி அதற்குப் பதில் சொன்னது. எடை மட்டும் போதும் என்று ஹில் 1840இல் கொடுத்த வாக்கு அன்றோடு முடிந்தது. 24க்கு 16.5 சென்டிமீட்டர், 5 மில்லிமீட்டர் கனம், 100 கிராம், இதற்குள் அடங்கினால் கடிதம், முதல் வகுப்பில் 32 பென்ஸ். நீளமோ கனமோ தாண்டினால், 35.3க்கு 25 சென்டிமீட்டரும் 2.5 சென்டிமீட்டர் கனமும் வரை பெரிய கடிதம், 44 பென்ஸ். அதையும் தாண்டினால் பொட்டலம். கவுண்டர்களில் துவாரம் வெட்டிய பிளாஸ்டிக் அட்டை வந்தது. கடிதம் துவாரத்தில் நுழைகிறதா பார், நுழையாவிட்டால் அடுத்த துவாரம்.

அமெரிக்கா 2007 மே 14ஆம் தேதி அதே வழியில் போனது. ஓர் அவுன்ஸ் எடைதான், ஆனால் கடித உருவில் இருந்தால் 41 சென்ட், தட்டையான பெரிய உறையென்றால் 80 சென்ட், பொட்டலமென்றால் 1.13 டாலர். உறையின் நீளத்தை உயரத்தால் வகுத்தால் 1.3க்கும் 2.5க்கும் இடையே வர வேண்டும் என்றும் அங்கே ஒரு விதி இருக்கிறது. சதுரத்தை வகுத்தால் 1 வரும். சதுர உறைக்கு இயந்திரத்தில் தலை எது கால் எது என்று தெரியாது, படுத்த வாக்கில் ஓடி முகவரி தெரியாமல் போகும். அதற்குக் கூடுதல் கட்டணம். எது நீளம், எது உயரம் என்பதை முகவரி எழுதிய வாக்கை வைத்தே முடிவு செய்கிறார்கள். ஒழுங்கான செவ்வக உறையில் முகவரியைக் குத்துவாக்கில் எழுதினாலும் தண்டம்தான்.

நம் நாட்டில் சாதாரணக் கடிதத்துக்கு இன்னும் எடைதான் ராஜா. பார்சலில் மட்டும், உலகமெங்கும் போல, நீள அகல உயரத்தைப் பெருக்கி 5000ஆல் வகுத்து ஓர் எடையைக் கற்பிக்கிற கணக்கு நுழைந்திருக்கிறது. பஞ்சு மூட்டைக்கு இரும்பு விலை. கூரியர்க்காரர்கள் ஆரம்பித்தது. அதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன், வண்டியில் அடைகிற இடம் இடம்தானே.

போன வருடம் அக்காள் பேரனுக்கு அமெரிக்காவில் வைத்தே கல்யாணம் நிச்சயமாயிற்று. அக்காள் மகன் நியூஜெர்சியில் இருக்கிறான். பத்திரிகையைச் சிவகாசியில் அச்சடித்து மொத்தமாக வரவழைத்து, அங்கிருந்தே தபாலில் போடுவதாகத் திட்டம். சதுர அட்டை, தடிமனான உறை, நடுவில் உலோகத்தில் ஒரு பிள்ளையார், பட்டு ரிப்பன். போனில் படத்தை அனுப்பிவிட்டு, "எப்படி மாமா இருக்கு?" என்று கேட்டான்.

"அழகா இருக்குடா. ஆனா உங்க ஊர் தபால்ல ஒவ்வொண்ணுக்கும் தண்டம் கட்டணுமே. சதுரத்துக்கு ஒண்ணு. சதுரம் இல்லாட்டியும் பிள்ளையார் புடைச்சுக்கிட்டு நிக்கிறாரே, அதுக்கும் அந்தக் காசு உண்டு. கால் அங்குலக் கனத்தைத் தாண்டிட்டா கடிதமே இல்லைன்னுடுவான்."

"அப்ப என்ன பண்றது?"

"ஏழுக்கு அஞ்சு அங்குலம் வை. வகுத்தா 1.4 வரும், சரியா இருக்கும். ரிப்பனை எடுத்துடு. பிள்ளையாரை அச்சிலேயே போட்டுடலாம்."

அவன் சரியென்றான். மறுநாள் அக்காள் கூப்பிட்டாள். பேரன் கல்யாணத்துக்குப் பிள்ளையாரை நசுக்கச் சொன்னாயாமே என்று ஆரம்பித்தவள் அரை மணி நேரம் வைக்கவில்லை. சதுர அட்டை, உலோகப் பிள்ளையார், ரிப்பன் என்று முதலில் சொன்னபடியே அச்சுக்குப் போனது. கூடுதல் ஸ்டாம்புக் காசை நானே மொய்க் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.